ட்ரிகரைக் கைக்குக் கிட்டே கொண்டுவருவது: வீட்டிலேயே செய்யலாமா?

சின்னவிரல்

பழைய மேட்ச் ஏர் ரைஃபிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 4.5 மி.மீ., பக்கவாட்டு நெம்புகோலை ஒரே தடவை இழுத்துக் காற்றடைக்கும் வகை. குறி அருமை, குழல் சுத்தம், குறை எதுவும் சொல்ல முடியாது. ஒரே தொல்லை, ட்ரிகர் எனக்கு எட்டவில்லை.

ட்ரிகரில் விரல் படும் பிளேடு ஒரு சின்னத் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் நகரும். கடைசி வரை பின்னால் தள்ளியும் விரல் நுனிதான் படுகிறது. விரலின் சதைப்பகுதி படவேண்டுமானால் உள்ளங்கையைக் கிரிப்பிலிருந்து விலக்கி, கையைச் சுற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்னும் 9 மி.மீ. பின்னால் வந்தால் சரியாக இருக்கும்.

யோசனை இதுதான்: 8 × 12 × 24 மி.மீ. பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து, தண்டவாளத்தில் கவ்வுகிற மாதிரி காடி போட்டு, அதன் பின்முனையில் பிளேடை மாட்டுவது. எம்3 ஸ்க்ரூ. கை டிரில், மரை வெட்டும் டேப் செட், அரங்கள், வைஸ் எல்லாம் இருக்கின்றன. கேள்வி இரண்டு. ட்ரிகர் எடை, அதாவது சுட எவ்வளவு அழுத்தி இழுக்க வேண்டும் என்பது, மாறுமா? உள்ளே இருக்கிற சியருக்கு (சுடும் வரை பிடித்துவைத்திருக்கும் கொக்கி) ஏதாவது பாதிப்பு வருமா?

கண்ணாடிக்குறி

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? ட்ரிகர் ஷூ என்று விற்கிறார்கள், பிளேடின்மேல் மாட்டும் கவசம். ஒன்று வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது.

பழைய_லேத்

தம்பி கண்ணாடிக்குறி, ஷூ மாட்டினால் எட்டாதது இன்னும் எட்டாமல் போகும். விரல் இருப்பது பிளேடின் முன்பக்கம். அந்தப் பக்கத்தில் 3 மி.மீ. கனம் ஏற்றினால் விரல் 3 மி.மீ. கூடுதலாக நீள வேண்டும். விரல் நீளமாக இருந்து, ட்ரிகர் ரொம்பக் கிட்டே இருக்கிறது என்று தவிப்பவருக்குத்தான் ஷூ உதவும்.

சின்னவிரல், உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொன்னால் பிளேடு இருக்கும் இடத்தை மாற்றுவது வேறு, ட்ரிகர் விடுபடும் இடத்தைத் தொடுவது வேறு. முதலாவதை வீட்டு மேசையில் செய்யலாம். இரண்டாவதை, அதாவது சியரை, வீட்டில் தொடவே கூடாது. நீங்கள் சொன்ன திட்டம் முதல் வகைதான், அதனால் பேசலாம். ஆனால் பித்தளை வேண்டாம். ஏன் என்று பிறகு விரிவாக எழுதுகிறேன், இப்போது வேலை இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்றை அளந்து சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் கவை கிரிப்பில் எங்கே உட்காருகிறதோ, அங்கிருந்து பிளேடின் முகம் வரை எவ்வளவு? ட்ரிகர் தள்ளி இருக்கிறதா, கிரிப் பருத்திருக்கிறதா என்பது தெரியாமல் உலோகத்தை வெட்ட வேண்டாம்.

பத்துமீட்டர்_அக்கா

லேத் அண்ணன் சொன்ன கடைசி வரிதான் முக்கியம். நான் பயிற்சி கொடுக்கும் இடத்தில் "ட்ரிகர் எட்டவில்லை" என்று வருபவர்களில் நிறையப் பேருக்குக் கோளாறு கிரிப்பில்தான் இருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நிற்கும் நிலையில் ரைஃபிளைத் தோளில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ட்ரிகரைப் பற்றி நினைக்காமல் கிரிப்பைப் பிடியுங்கள். மணிக்கட்டு எந்தப் பக்கமும் ஒடியாமல் நேராக இருக்கட்டும். இப்போது ஆள்காட்டி விரலைத் தானாக மடக்கினால் எங்கே நிற்கிறதோ, அங்கேதான் பிளேடு இருக்க வேண்டும். முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கும் சதைமேடு பிளேடின்மேல் பட வேண்டும். விரலின் அடிப்பகுதி மரத்தில் உரசவே கூடாது. உரசினால் இழுக்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளுவீர்கள்.

முழங்கை மடிப்பில் பட் பிளேட்டை (தோளில் பதியும் பின்முனைத் தகடு) வைத்து விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்ப்பது பழைய கடை வழக்கம். அது பட் நீளத்துக்கே அரைகுறையான அளவு. கிரிப்புக்கும் ட்ரிகருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. பட் பிளேட்டை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் இந்தத் தூரம் மாறாது.

எட்டாத ட்ரிகரை நுனிவிரலால் இழுத்தால் இழுப்பு நேராகப் பின்னால் வராது, பக்கவாட்டில் சாயும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழுப்பில் முன் குறி 0.1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 1.4 மி.மீ. ஏர் ரைஃபிள் அட்டையில் மதிப்பெண் 0.25 மி.மீ.க்கு 0.1 வீதம் குறையும். 10.9 ஆக வேண்டியது 10.3 அளவுக்கு வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு சாய்வுக்கு இவ்வளவு விலை. அதனால் நீங்கள் இதில் மெனக்கெடுவது நியாயம்தான்.

சின்னவிரல்

அக்கா, அண்ணே, இருவருக்கும் நன்றி. வெர்னியர் வைத்து அளந்தேன். கவை உட்காரும் இடத்திலிருந்து பிளேடு முகம் வரை 74 மி.மீ. கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்ததில் எனக்கு 65 போதும். கிரிப்பின் பின் வளைவு நல்ல தடிமன். முன்பு வைத்திருந்தவருக்குப் பெரிய கையாக இருந்திருக்க வேண்டும், பின்னால் ஏதோ பூசி மேடாக்கி, அதன்மேல் வார்னிஷும் அடித்திருக்கிறார்.

பத்துமீட்டர்_அக்கா

பார்த்தீர்களா! பூசியதை முதலில் எடுங்கள். அடியில் இருக்கும் மரம் வரை போனாலே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். பிறகு வேண்டுமானால் மரத்திலும் கொஞ்சம் இழைக்கலாம். ஆனால் கிரிப்பின் கழுத்துதான் மர ஸ்டாக்கிலேயே பலவீனமான இடம். மரத்தின் நார் அங்கே குறுக்காக ஓடினால் சாதாரணமாகக் கீழே சாய்ந்தால்கூட விரிசல் விடும். உள்ளே போல்ட் போகும் துளை இருந்தால் அதற்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு மரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அரத்தை எடுங்கள். 9 மி.மீ. முழுவதையும் மரத்திலிருந்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால், பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குக் கட்டைவிரல் துளையும் கட்டைவிரல் தாங்கியும் கூடாது. மொத்த எடை 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கிரிப்பைச் செதுக்கும் உற்சாகத்தில் கட்டைவிரலுக்கு ஒரு திண்ணை கட்டிவிடாதீர்கள். ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் என்று குறைந்தபட்ச ட்ரிகர் எடை உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, அதனால்தான் சிலர் காற்றடித்தாலே வெடிக்கும் அளவுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அது தனிக் கதை.

பழைய_லேத்

சரி, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ட்ரிகர் என்பது ஒரு நெம்புகோல். மேலே ஒரு அச்சு ஊசி. கீழே பிளேடு. விரல் நேராகப் பின்னால் இழுக்கிறது என்றால், கணக்கில் வருவது அச்சிலிருந்து பிளேடு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது மட்டும்தான். எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்பது எடையில் பெரிதாக எதையும் மாற்றாது. ஆகவே பிளேடின் உயரத்தை அப்படியே வைத்துப் பின்னால் மட்டும் கொண்டுபோனால் உங்கள் ட்ரிகர் எடை கிட்டத்தட்ட பழையபடியே இருக்கும்.

கீழே இறங்கிவிட்டால் கதை வேறு. அச்சிலிருந்து விரல் படும் இடம் 25 மி.மீ. கீழே இருந்தது, உங்கள் துண்டைச் செருகியதும் 30 ஆகிவிட்டது என்று வையுங்கள். 80 கிராம் இருந்த ட்ரிகர் 67க்கு இறங்கும். அதே சமயம் விரல் நகர வேண்டிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சிலருக்கு இது பிடிக்கும். ஆனால் தெரிந்து செய்வதும் தெரியாமல் நடப்பதும் ஒன்றல்ல.

எடை மாறாவிட்டாலும் விரலுக்கு ஒரு மாற்றம் தெரியும். பிளேடு அச்சுக்கு நேர் கீழே இருந்தால் அது நேராகப் பின்னால் வரும். அச்சுக்கு முன்னால் இருந்தால் பின்னால் வரும்போதே கொஞ்சம் கீழேயும் இறங்கும். பின்னால் இருந்தால் மேலே ஏறும். விரலின் தோல் பிளேடின்மேல் வழுக்குவது இதனால்தான். இழுப்பின் இரண்டாம் கட்டத்தில், அதாவது விடுபடுவதற்குச் சற்று முன்னால், "ஏதோ அரைபடுகிற மாதிரி இருக்கிறது" என்று ட்ரிகரைக் குறை சொல்பவர்கள் சிலர் உண்மையில் தங்கள் தோலைத்தான் உணர்கிறார்கள். பிளேடு முகத்தை மழமழவென்று தேய்த்து, ஓரங்களை உருட்டிவிட்டால் இதில் பாதி போய்விடும்.

அடுத்தது பித்தளை. உங்கள் துண்டு 8 × 12 × 24. காடியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 20 கிராம். அது ட்ரிகரோடு சேர்ந்து ஆடும் எடை. குழல் வாயை மேலே பார்த்து ரைஃபிளை நிமிர்த்தி வைத்தாலே அந்த 20 கிராம் பின்பக்கமாக, அதாவது விரல் இழுக்கும் திசையிலேயே, அழுத்தும். 80 கிராம் ட்ரிகரில் கால் பங்கு போயிற்று. இப்போது ரைஃபிளின் பட் பகுதியைத் தரையில் கொஞ்சம் அழுத்தமாக வைக்கிறீர்கள். அந்த அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் 10 மடங்கு இருந்தால் துண்டு 200 கிராமாக ட்ரிகரை இழுக்கும். விரலே படாமல் சுடும். அதையே அலுமினியத்தில் செய்தால் 6 கிராம் சொச்சம்தான். நடுவில் சதையை எடுத்துவிட்டால் இன்னும் குறையும்.

ஆகவே அலுமினியம். பித்தளை பார்க்க அழகு, அவ்வளவுதான்.

சியர் விஷயத்துக்கு வருகிறேன். சியரின் முனையும் அது பிடித்திருக்கும் படியும் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகாக இருப்பது வழக்கம். மெல்லிய தோல். அதை எண்ணெய்க்கல்லால் இரண்டு இழுப்பு இழுத்தால் இன்றைக்கு ட்ரிகர் வெண்ணெயாகத்தான் இருக்கும். தோல் போனபின் உள்ளே இருக்கும் மெதுவான எஃகு நாளாக நாளாகத் தேய்ந்து, ஒரு நாள் நெம்புகோலை மூடும்போதே விடுபடும். சியர் பிடிப்பைத் திருத்தும் ஸ்க்ரூவின் தலையில் தொழிற்சாலையில் வண்ண அரக்குச் சொட்டு வைத்திருப்பார்கள். அது உடையாமல் இருக்கட்டும்.

கடைசியாக, பின்னால் தள்ளினால் ட்ரிகர் கார்டின் பின்சுவரும் கிரிப்பும் கிட்டே வரும். பிளேடு முழுவதும் இழுபட்ட நிலையில் பின்னால் குறைந்தது 2 மி.மீ. வெளி வேண்டும். உலோகமோ மரமோ பிளேடைத் தடுத்து நிறுத்தக் கூடாது. நிறுத்துவது ட்ரிகர் ஸ்டாப் ஸ்க்ரூவின் வேலை.

கண்ணாடிக்குறி

ஷூ யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 😄 ஆனால் ஒரு சந்தேகம். ஸ்டாப் ஸ்க்ரூவை விடுபடும் புள்ளியிலேயே வைத்துவிட்டால் சுட்டபின் விரல் துளிகூட நகராது, நல்லதுதானே?

பழைய_லேத்

அந்தப் புள்ளியிலேயே வைத்தால் சியர் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே போகும். ஒரு சுடலில் விடுபடும், அடுத்ததில் முரண்டு பிடிக்கும். விடுபடும் இடத்துக்கு வந்தபின் அரைச் சுற்றாவது விட்டு வையுங்கள். எம்3 ஸ்க்ரூவின் மரை இடைவெளி 0.5 மி.மீ., அரைச் சுற்று என்றால் கால் மி.மீ. விரலுக்குத் தெரியவே தெரியாது.

புல்பப்_பைத்தியம்

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். 9 மி.மீ. பின்னால் கொண்டுபோவதற்கே இவ்வளவு பேச்சு. நான் 300 மி.மீ. முன்னால் கொண்டுபோகப் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது சிலிண்டர் வைத்த பிசிபி (முன்பே காற்று நிரப்பி வைக்கும்) ஏர் ரைஃபிள். அதைப் புல்பப் ஆக்க ஆசை, அதாவது ட்ரிகர் முன்னால், இயங்கும் பாகங்கள் அதற்குப் பின்னால். புது ட்ரிகரை முன்னால் வைத்து, ஒரு கம்பியால் பழைய ட்ரிகரைத் தள்ளினால் போதும்தானே?

பழைய_லேத்

போதும், ஆனால் அந்தக் கம்பிதான் எல்லா வம்பும்.

தள்ளும் கம்பி வளையும். நீங்கள் இழுப்பதில் ஒரு பகுதி கம்பியை வளைக்கவே செலவாகும், அதனால் விடுபடும் இடம் மசமசவென்று இருக்கும். எஸ்டிஜி 77 என்ற பெயரில் ஆஸ்திரியப் படைக்குப் போன ஸ்டேயர் ஏயூஜி ரைஃபிள் தொடங்கிப் பெரும்பாலான புல்பப்புகளின் ட்ரிகரைப் பற்றியும் இதே புகார்தான். தொழிற்சாலைக்கே சவால் என்றால் நம் மேசையில் எப்படி என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம் எடை. 6 மி.மீ. எஃகுக் கம்பி 300 மி.மீ. நீளத்துக்கு 67 கிராம் வரும். புது ட்ரிகரின் அச்சுக்குக் கீழே கோத்தால் இழுக்கும்போது கம்பி பின்னால் போகிறது. பட் தரையில் இடித்தாலும் கம்பி பின்னால்தான் போகப் பார்க்கும். மேலே சொன்ன பித்தளைக் கணக்கேதான், மூன்று மடங்கு பெரிதாக. அச்சுக்கு மேலே கோத்து இழுக்கும் கம்பியாக்கினால் வளையாது, பட் இடித்தால் விடுபடவும் செய்யாது. ஆனால் வாய்ப்பக்கமாக விழுந்தால் விடுபடும், பின்னால் திசை திருப்ப இன்னொரு சின்ன நெம்புகோலும் தேவை. எப்படிச் செய்தாலும் கம்பி லேசாக இருக்கட்டும். கார்பன் குழாய் நல்லது. ட்ரிகர் எடையை மேட்ச் அளவுக்குக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

பத்துமீட்டர்_அக்கா

பைத்தியம் தம்பி, இன்னொன்றையும் யோசியுங்கள். பழைய ட்ரிகர் இப்போது உங்கள் கன்னத்துக்கு அடியில் இருக்கும். அதை மூடாமல் விட்டால் சட்டைப் பொத்தானோ தோள்பட்டை வாரோ அதை இழுக்கும். பாதுகாப்புக் கொக்கி ட்ரிகர் கார்டுக்குள் இருக்கும் ரைஃபிளானால் அதுவும் பின்னால் போய்விடும், கை எட்டாது. முதலில் அதற்கு வழி கண்டுபிடியுங்கள், கம்பி பிறகு.

மட்டுறுத்துநர்

ஒரு குறிப்பு. இந்த இழை ஏர் ரைஃபிளைப் பற்றியது, அப்படியே இருக்கட்டும். வெடிமருந்துத் தோட்டா போடும் ரைஃபிளின் ட்ரிகர் அமைப்பை மாற்றுவதற்குப் பல நாடுகளில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளர் தேவை. சில இடங்களில் ஏர் ரைஃபிளுக்கே கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஆலன் கீயை எடுங்கள். தோட்டா ரைஃபிளில் இதை எப்படிச் செய்வது என்று தனிமடலில் கேட்டவருக்கும் இதுவே பதில்.

சின்னவிரல்

வேலை முடிந்தது. எப்படிப் போயிற்று என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவலாம்.

கிரிப்பின் பின்னால் பூசியிருந்தது மரத்தூளும் எபாக்சியும் கலந்த கலவை. அரை வட்ட அரத்தால் எடுத்தபோது அடியில் மரத்தில் பழைய கட்டம்போட்ட செதுக்கல் அப்படியே இருந்தது. அதோடு நிறுத்தினேன், மரத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. 74 இருந்தது 69 ஆயிற்று. 5 மி.மீ. அங்கேயே கிடைத்துவிட்டது. மிச்சம் 4தான்.

4 மி.மீ.க்கு நீளமான துண்டு தேவையில்லை. 6 மி.மீ. அலுமினியப் பட்டையில் 14 மி.மீ. வெட்டி, அடியில் தண்டவாளத்துக்குக் காடி போட்டேன். காடியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, தண்டவாளத்தில் தட்டாமல் நுழைந்து ஆடாமல் நிற்கும் வரை பொருத்திப் பொருத்திப் பார்த்தேன். தண்டவாளத்தில் மெழுகுவர்த்திக் கரியைப் பூசிவிட்டு நுழைத்தால் எங்கே உரசுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டும், அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போதும். பிளேடு ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை, எம்3 டேப். அலுமினியத்தில் டேப் போடும்போது மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போனால் சுருள் சிக்காது. பிளேடின் உயரம் மாறாமல் இருக்கத் துண்டின் மேல்பக்கத்தில் காடி வெட்டி, பிளேடை அதற்குள் இறக்கி வைத்தேன். முழுத் துண்டும் 2 கிராமுக்குள்.

ட்ரிகர் எடையை முன்னும் பின்னும் பார்த்தேன். முன்பு 85 கிராம் எடையைத் தூக்கியது, இப்போதும் அதே. பின்னால் வெளி கிட்டத்தட்ட 3 மி.மீ. இருக்கிறது.

பத்துமீட்டர்_அக்கா

அருமை. தட்டிப் பார்த்தீர்களா?

சின்னவிரல்

பார்த்தேன் அக்கா. பெல்லட் இல்லை, காற்றும் இல்லை, ட்ரிகரை மட்டும் ஏற்றி வைத்துப் பயிற்சி நிலையில் செய்தேன். ரப்பர் சுத்தியால் பட் பகுதியின் அடியில், இரண்டு பக்கவாட்டில், கிரிப்பின் கீழே தட்டினேன். அப்புறம் பட் பகுதியைக் கட்டைவிரல் உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின்மேல் விட்டேன். விடுபடவில்லை.

பழைய_லேத்

நல்ல வேலை. கிரிப்பில் எபாக்சியைச் சுரண்டிய இடத்தில் மரம் திறந்து கிடக்கும். வியர்வை இறங்கினால் கறுக்கும். ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, மறுநாள் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், விரித்துக் காயப் போடுங்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

கண்ணாடிக்குறி

ஒரே ஒரு கேள்வி. அலுமினியத்தில் எம்3 ஸ்க்ரூ, அதுவும் சுடும்போதெல்லாம் அதிர்கிற இடம். தளர்ந்துவிடாதா? மரை தளராமல் பிடிக்கும் பசை, லாக்டைட், போட்டு ஒட்டிவிடலாமா?

சின்னவிரல்

நீல நிறத்தது ஒரு சொட்டு, டேப் போட்ட துளையின் உள்ளே மட்டும். சிவப்பு போட்டால் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது, இவ்வளவு சின்ன ஸ்க்ரூவின் தலைதான் உருண்டு போகும். அதிகமாக விட்டால் வழிந்து தண்டவாளத்தில் இறங்கிவிடும், அதனால் ஊசியால் வைப்பது நல்லது. ஸ்டாப் ஸ்க்ரூவில் எதுவும் போடவில்லை, அதை இன்னும் ஒன்றிரண்டு தடவை திருப்ப வேண்டியிருக்கும்.